குறைவாகச் சொல்லும் கருவி: அணு ஆயுத உடன்படிக்கைகளும் கதிர்வீச்சு உணரிகளும்

மதுரைத் தெற்காவணி மூல வீதியில் பழைய நகையை விற்கவோ மாற்றவோ போனவர்களுக்கு இரண்டு விதச் சோதனைகள் பழக்கமாகியிருக்கும். முதலாவது உரைகல். நகையின் ஓரத்தைக் கருங்கல்லில் ஒரு முறை இழுத்து, பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த உரையாணியையும் இழுத்து, அமிலத் துளி விட்டு, இரண்டு கோடுகளும் ஒத்துப்போகின்றனவா என்று ஆசாரி கண்ணால் பார்த்துச் சொல்வார். இரண்டாவது, இப்போது பல கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே இயந்திரம். நகையை அதன் தட்டில் வைத்தால் தங்கம் எத்தனை விழுக்காடு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று சிறிது நேரத்தில் பட்டியலே வந்துவிடும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இயந்திரமே மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் நகையைச் செய்தவர், தன் கலவையின் விவரம் எதிர்க் கடைக்காரருக்குத் தெரியக்கூடாது, தங்கம் உண்மையான தங்கம் என்பது மட்டும் அவருக்கு உறுதியாக வேண்டும் என்று விரும்பினால், அவர் உரைகல்லைத்தான் கேட்பார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, மற்றவற்றைச் சொல்லாமல் விடுவது உரைகல்லின் இயல்பு.

அணு ஆயுதங்களைக் குறைக்க நாடுகள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளைச் சரிபார்க்கும் கதிர்வீச்சு உணரிகளைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பெரும்பாலானோர், கருவிகள் இன்னும் கூர்மையானால் சரிபார்ப்பு எளிதாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் போதுமான கூர்மை 35 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை ஆய்வாளர்கள் பாடுபடுவது, கருவியைக் குறைவாகச் சொல்லவைப்பதற்கும், அது குறைவாகச் சொன்னாலும் பொய் சொல்லவில்லை என்று இரு தரப்பும் நம்பும்படி செய்வதற்கும்தான்.

ஓர் ஏவுகணையின் தலையில் பொருத்தப்படும் அணு வெடிமுனை, மூடிய பெட்டிக்குள் இருந்தாலும் அமைதியாக இருப்பதில்லை. அதிலுள்ள புளூட்டோனியமும் யுரேனியமும் ஓயாமல் சிதைந்து கதிர்களை வெளியிடுகின்றன. புளூட்டோனியத்தில் 239, 240 என்ற ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள், கலந்திருக்கும். ஆயுதத்துக்கென்று ஆக்கிய புளூட்டோனியத்தில் 240-இன் பங்கு பொதுவாக 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும். அந்தச் சிறு பங்கே வெடிமுனையைக் காட்டிக்கொடுக்கப் போதுமானது, ஏனென்றால் புளூட்டோனியம்-240-இன் அணுக்கரு தானாகவே பிளவுபடக்கூடியது. அதன் ஒரு கிராம் நொடிக்குச் சுமார் 1,000 நியூட்ரான்களை வெளியிடுகிறது. இந்தக் கணக்கில், ஆயுதத் தரப் புளூட்டோனியம் ஒரு கிலோ இருந்தால் நொடிக்குச் சுமார் 60,000 நியூட்ரான்கள் வெளிவரும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் ஈயமும் எஃகும் அதைப் பெரிதாகத் தடுக்காது. தண்ணீர், பாலித்தீன், மெழுகு போன்ற ஹைட்ரஜன் நிறைந்த பொருள்களே அதன் வேகத்தைக் குறைக்கும்.

யுரேனியம் இதற்கு நேர்மாறு. மிகைச் செறிவூட்டிய யுரேனியத்திலிருந்து தானாக வரும் நியூட்ரான்கள் மிகச் சொற்பம். யுரேனியம்-235-இன் முக்கியக் காமா கதிரின் ஆற்றல் 186 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஒரு சென்டிமீட்டர் ஈயத் தகடு அதை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். யுரேனியமே அதை விழுங்கும் என்பது அதைவிடப் பெரிய தொல்லை. உள்ளே 20 கிலோ இருந்தாலும் வெளியே வருவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேல்தோலிலிருந்து புறப்பட்ட கதிர் மட்டுமே. நகைக்கடை எக்ஸ்ரே இயந்திரத்துக்கும் இதே குறை உண்டு. அது மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால், கனத்த தங்கப் பூச்சுப் போட்ட நகை அதை ஏமாற்றிவிட முடியும் என்று கடைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இந்தக் கதிர்களைப் பிடிக்கும் கருவிகள் மூன்று வகை என்று கொள்ளலாம். நியூட்ரானுக்கு ஹீலியம்-3 வாயு அடைத்த குழாய். பாலித்தீனைக் கடந்து வேகம் குறைந்த நியூட்ரானை ஹீலியம்-3 அணுக்கரு உள்வாங்கி, ஒரு புரோட்டானாகவும், ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பான டிரிட்டியமாகவும் பிரியும்; அதனால் எழும் மின்துடிப்பை எண்ணிக்கொள்ளலாம். அந்த ஹீலியம்-3 எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தபோது நான் சற்று நேரம் திகைத்திருந்தேன். அணு ஆயுதங்களுக்காகச் சேமித்து வைத்த டிரிட்டியம் 12.3 ஆண்டு அரைவாழ்வோடு சிதையும்போது உண்டாவதே ஹீலியம்-3. ஆயுதத்தைக் கண்டறியும் குழாய்க்குள் இருப்பது ஆயுதத்தின் உள்ளேயே பிறந்த வாயு. 2001-க்குப் பிறகு அமெரிக்கா தன் துறைமுகங்களிலும் எல்லைகளிலும் கதிர்வீச்சு வாயில்களை நிறுவத் தொடங்கியதும், சில ஆண்டுகளில் இந்த வாயுவுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டதற்குக் காரணமும் அதுதான்.

காமா கதிருக்கு இரண்டு கருவிகள் உள்ளன. சோடியம் அயோடைடு படிகம் விலை குறைவு, அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும். ஆனால் அதன் பார்வை மங்கல், அருகருகே உள்ள ஆற்றல்களை வரைபடத்தில் ஒரே மேடாகக் காட்டிவிடும். மிகைத் தூய்மையான ஜெர்மானியம் படிகத்தைத் திரவ நைட்ரஜனின் குளிருக்கு, அதாவது மைனஸ் 196 டிகிரிக்கு அருகில், வைத்தால் ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் உரிய ஆற்றலில் ஒரு கோடு தனித்தனியாக ஊசி முனைபோல் எழும்.

மதுரையில் முதுகலை மாணவர்களுக்கு இயற்பியல் ஆய்வகம் எடுத்த நாட்களில், கதிர்வீச்சு மூலம் எதுவும் வைக்காமல் சோடியம் அயோடைடு உணரியை ஓர் இரவு முழுக்க ஓடவிடச் சொல்வது என் வழக்கம். காலையில் மாணவர்கள் திரையைப் பார்த்தால், எதையும் வைக்காத இடத்தில் இரண்டு மேடுகள் எழுந்து நிற்கும். ஒன்று 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், பொட்டாசியம்-40. மற்றது 2,614-இல், தோரியத் தொடரின் கடைசிப் படிகளில் வரும் தாலியம்-208. நாம் வாழ்வது பாறையின் மேல். யானைமலையும் மேலூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளும் பொட்டாசியமும் தோரியமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்த பாறைகள். அவற்றை உடைத்த ஜல்லிதான் ஆய்வகத்தின் சுவரிலும் தரையிலும் இருக்கிறது. "ஐயா, மெஷினில் ஏதோ கோளாறு" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் வந்து சொல்வார். கோளாறு இல்லை, ஊர் அப்படி என்று விளக்குவதற்குள் அந்த வகுப்பு முடிந்துவிடும். ஆனால் பின்னணிக் கதிர்வீச்சு என்றால் என்ன என்பதை அதன் பிறகு அவர்கள் மறந்ததில்லை.

இந்தப் பின்னணி சரிபார்ப்பு வேலையில் சிறிய விஷயமே அல்ல. கணக்குக்காக, மூடாத நிலையில் 4 கிலோ புளூட்டோனியம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 10 மீட்டர் தொலைவில் அதன் நியூட்ரான்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடியில் 0.02 என்ற அளவிலேயே வந்து சேரும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நிலமட்டத்தில் உண்டாக்கும் நியூட்ரான்களும் ஏறக்குறைய அதே அளவு. கப்பல் போன்ற பெரிய இரும்புப் பிண்டம் பக்கத்தில் இருந்தால், காஸ்மிக் கதிர்கள் அதில் மோதி மேலும் நியூட்ரான்களைக் கிளப்பும். ஆகவே, உணரியை எடுத்துச் சென்ற அதிகாரி முதலில் செய்ய வேண்டியது, பொருள் இல்லாத இடத்தில் பின்னணியை அளப்பது. அதன் பிறகே பொருளருகே செல்வது.

இந்தக் கருவிகள் உண்மையான ஓர் ஆயுதத்தின் முன் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உலகம் வெளிப்படையாக அறிந்தது 1989 ஜூலையில், கருங்கடலில், யால்டா நகருக்கு அருகே. சோவியத் போர்க்கப்பலான 'ஸ்லாவா'வின் ஏவுகுழாய் ஒன்றில் அணு வெடிமுனை பொருத்திய குரூஸ் ஏவுகணை இருந்தது. இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பின் இயற்பியலாளர்களும் சோவியத் அறிவியல் அகாதமியினரும் சேர்ந்து அந்த ஆய்வை நடத்தினார்கள். அமெரிக்க அரசு அதை நடத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏவுகுழாயின் மேல் ஜெர்மானியம் உணரியை வைத்துச் சில நிமிடங்கள் அளந்ததும், யுரேனியம்-235-இன் 186 கோடும், புளூட்டோனியம்-239-இன் கோடுகளும் தெளிவாக எழுந்தன. ஹெலிகாப்டரில் பொருத்திய சோவியத் நியூட்ரான் உணரி, பல பத்து மீட்டர் தொலைவிலிருந்தே வெடிமுனை அங்கிருப்பதைக் காட்டியது.

உணரி வரைந்த அந்த ஆற்றல் வரைபடத்தில், அதாவது நிறமாலையில், இன்னொரு கோடும் இருந்தது. அது 2,614, எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் கோளாறு என்று நினைத்த அதே கோடு. கடலின் நடுவே சுற்றிலும் பாறை இல்லாத இடத்தில் அது அத்தனை வலுவாக எழக் காரணம், யுரேனியத்தில் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்த யுரேனியம்-232. அதன் சிதைவுத் தொடரும் தாலியம்-208 வழியாகத்தான் போகிறது. யுரேனியம்-232 இயற்கையில் கிடைப்பதில்லை, அணு உலையில்தான் உண்டாகும். அந்த ஒரு கோட்டிலிருந்து, வெடிமுனையிலிருந்த யுரேனியம் முன்னொரு காலத்தில் ஓர் உலைக்குள் போய் வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். குழாயைத் திறக்கவில்லை, ஏவுகணையைத் தொடவில்லை. ஆனாலும் சோவியத் யுரேனியத்தின் வரலாறு வெளியே வந்துவிட்டது. இதே அளவீட்டை எங்கள் பக்கத்துப் பாறை நிலத்தில் செய்திருந்தால், அந்தக் கோட்டில் எவ்வளவு ஆயுதத்துடையது, எவ்வளவு மலையினுடையது என்று பிரிப்பதற்கே நெடுநேரம் ஆகியிருக்கும்.

ராணுவங்களுக்கு அச்சம் தோன்றியது இத்தகைய அளவீடுகளின் கூர்மையால்தான். ஓர் உடன்படிக்கைக்குத் தேவையான பதில், வெடிமுனை இருக்கிறதா இல்லையா என்பது. ஜெர்மானியம் உணரி சொல்வதோ, என்ன பொருள், எத்தகைய கலவை, எப்போது ஆக்கியது, எவ்வளவு, எந்த அமைப்பில் என்பது வரை. இவை வடிவமைப்பு ரகசியங்கள். ரகசியத்தைக் காக்க விரும்பும் அரசின் பார்வையில் மட்டும் இதைப் பார்க்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அணுகுண்டின் வடிவமைப்பு விவரம் பரவாமல் இருப்பது அணு ஆயுதம் இல்லாத நாடுகளுக்கும் நன்மை. அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையே, ஆயுத நாடுகள் பிறருக்கு அதில் உதவக்கூடாது என்று கட்டுப்படுத்துகிறது.

ஆகவே நடைமுறைக்கு வந்த உடன்படிக்கைகள் மங்கலான கருவியையே தேர்ந்தெடுத்தன. 1987-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்ட இடைத்தொலைவு அணு ஏவுகணை உடன்படிக்கையின்படி, மூன்று வெடிமுனைகள் கொண்ட சோவியத் ஏவுகணையான எஸ்எஸ்-20 முற்றிலும் ஒழிக்கப்பட வேண்டும்; ஒரே வெடிமுனை கொண்ட எஸ்எஸ்-25 இருக்கலாம். இரண்டுக்கும் முதல் கட்டம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்ததால், அனுமதிக்கப்பட்ட ஏவுகணையின் உறைக்குள் தடைசெய்யப்பட்டதை ஒளித்து வைக்கலாமே என்ற கவலை எழுந்தது. உறையைத் திறக்காமல், அதன் வெளிப்புறத்தில் நியூட்ரான் எண்ணிக்கையை அளப்பது என்று தீர்வு கண்டார்கள். மூன்று மூலங்களின் நியூட்ரான் பரவல் ஒரு மூலத்தின் பரவலைப் போல் இராது. எண்ணிக்கை வேறுபடுவதைப் பார்த்தாலே போதும். 1991-க்குள் இரு தரப்பும் 2,692 ஏவுகணைகளை அழித்தன. எளிய ஒரு ஹீலியம் குழாய் அந்தப் பெரிய வேலையில் தன் பங்கைச் செய்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

2010-இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிராகா நகரில் கையெழுத்திட்ட புதிய ஸ்டார்ட் உடன்படிக்கை, களத்தில் நிறுத்திய வெடிமுனைகளை 1,550 ஆக வரம்பு கட்டி, ஆண்டுக்கு 18 நேரடிச் சோதனைகள் வரை அனுமதித்தது. அதிலும் கதிர்வீச்சு உணரிக்கு ஒரே ஒரு வேலைதான்: அணு ஆயுதம் அல்ல என்று அறிவித்த பொருள் உண்மையிலேயே அணு ஆயுதம் அல்ல என்று உறுதி செய்வது. பின்னணியைவிட நியூட்ரான் கூடுதலாக இல்லையென்றால் முடிந்தது. இந்தக் கேள்வியில் எந்த ரகசியமும் வெளியேறாது, ஏனென்றால் எதுவும் இல்லாத பொருளுக்கு ரகசியமும் இல்லை. இதுவரை நடைமுறையில் இருந்த எந்த உடன்படிக்கையும், பிரித்து அழிக்கக் கொண்டுவரும் ஒரு பொருள் உண்மையான வெடிமுனைதானா என்று அளந்து பார்க்கும்படி கேட்டதில்லை. அழிந்தவை ஏவுகணைகள், ஏவுகுழாய்கள், விமானங்கள். வெடிமுனைகள் கிடங்குக்குப் போயின. எதிர்காலத்தில் வெடிமுனைகளையே எண்ணிக் குறைக்க வேண்டுமென்றால், இல்லாததைக் காட்டினால் போதாது, இருப்பதைக் காட்ட வேண்டும். சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முதலில் வந்த யோசனை, கூர்மையான உணரிக்கும் சோதனை அதிகாரிக்கும் நடுவே ஒரு திரையைப் போடுவது. இதைத் தகவல் தடுப்பு என்கிறார்கள். ஜெர்மானியம் உணரி எல்லாவற்றையும் அளக்கும். ஒரு சிறு கணினி அதை உள்ளுக்குள்ளேயே ஆராய்ந்து, குறித்த வரம்புகளோடு ஒப்பிட்டு, வெளியே ஒரு பச்சை விளக்கையோ சிவப்பு விளக்கையோ மட்டும் எரியவிட்டு, அளந்ததை அழித்துவிடும். 1996-இல் அமெரிக்கா, ரஷ்யா, பன்னாட்டு அணுசக்தி முகமை மூன்றும் இந்த வழியில் கூட்டு முயற்சி தொடங்கின. 2000 ஆகஸ்டில் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில், ரஷ்ய வல்லுநர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் உண்மையான ஆயுதப் புளூட்டோனியப் பாகம் இந்தத் திரைக்குப் பின்னால் அளக்கப்பட்டது. புளூட்டோனியம் இருக்கிறதா, அது ஆயுதத் தரமா, எத்தனை ஆண்டுப் பழசு, குறித்த எடைக்கு மேல் உள்ளதா, சமச்சீராக அமைந்ததா, ஆக்சைடு அல்லாமல் உலோகமாகவே இருக்கிறதா என்ற ஆறு கேள்விகளுக்கும் விளக்குகளே விடை சொல்லின.

பச்சை விளக்கு எரிந்துவிட்டது. ஆனால் அதை எரியவிட்டது யார்? கருவியைச் சோதிக்கப்படும் நாடு செய்திருந்தால், எதை வைத்தாலும் பச்சை எரியும்படி அதற்குள் ஒரு தந்திரம் இருக்கலாம். சோதிக்கும் நாடு செய்திருந்தால், அளந்ததை மறைவாகச் சேமிக்கும் ஒரு சில்லு இருக்கலாம். இந்த இரட்டை ஐயத்துக்கு ஆய்வாளர்கள் கண்ட விடைகளில் எனக்கு மிகப் பிடித்தது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு கருவி. ஆப்பிள் 2 கணினியில் இருந்த 6502 என்ற, 1975-இல் வெளிவந்த பழைய சில்லைக் கொண்டு அதை உருவாக்கினார்கள். அதில் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்களே உண்டு. நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். அதைவிட முக்கியம், அந்தச் சில்லுகளை வார்த்த காலத்தில், ஒருநாள் இவை வெடிமுனையைச் சோதிக்கப் போகின்றன என்று எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. புதியதை நம்ப முடியாத இடத்தில் பழையதை நம்புகிறார்கள். இதோடு, ஒரே மாதிரிப் பல கருவிகளைச் செய்து, சோதிக்கும் தரப்பு தனக்குப் பிடித்த ஒன்றைக் கண்ணை மூடி எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்க்கலாம், மற்றொன்றை அளவீட்டுக்கு வைக்கலாம் என்ற ஏற்பாடும் உண்டு. ரகசியப் பொருளைப் பார்த்த கருவி மட்டும் ஒருபோதும் திரும்பப் போகாது.

அணு ஆயுதம் இல்லாத நாடுகளுக்கும் இதில் இடம் உண்டு என்று காட்டியது, 2007-இல் பிரிட்டனும் நார்வேயும் சேர்ந்து தொடங்கிய முயற்சி. 2009-இல் நடந்த பயிற்சியில் அணு ஆயுத நாடாக நடித்தது நார்வே, சோதிக்க வந்தது பிரிட்டன். புளூட்டோனியத்துக்குப் பதிலாகக் கோபால்ட்-60 வைத்தார்கள். விளையாட்டுப்போல் தோன்றினாலும், எந்தக் கதவில் யார் முத்திரை வைப்பது, எந்த அறையில் யார் காத்திருப்பது என்ற நடைமுறைச் சிக்கல்கள் அப்படி நடித்துப் பார்த்தபோதுதான் வெளிவந்தன.

கேள்விகளை வரம்புகளோடு ஒப்பிடும் வழி ஒன்று என்றால், உரையாணியோடு ஒப்பிடும் வழி இன்னொன்று. முதலில் உண்மையென்று ஏற்றுக்கொண்ட ஒரு வெடிமுனையை அளந்து, பிறகு வரும் ஒவ்வொன்றும் அதைப் போலவே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. 2014-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள், இந்த ஒப்பீட்டில் கருவிக்கே எதுவும் தெரியாமல் செய்துவிடலாம் என்று காட்டினார்கள். பொருளின் ஊடாக 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களைச் செலுத்தி, மறுபக்கத்தில் குமிழ் உணரிகளை வைக்கிறார்கள். ஒரு ஜெல்லுக்குள் சிதறிய நுண்துளிகள் நியூட்ரான் பட்டால் குமிழாக மாறும், எண்ணிக்கை அதிலேயே பதிந்திருக்கும், ஒட்டுக்கேட்க மின்னணுச் சுற்று எதுவும் அதில் இல்லை.

களத்து மேட்டில் நெல் அளப்பதைக் கொண்டு இதைச் சொல்லிப் பார்க்கிறேன். தன் மூட்டையில் எவ்வளவு நெல் என்று சொல்ல விரும்பாத ஒருவர், மரக்காலுக்குள் முன்கூட்டியே ரகசியமாகக் கொஞ்சம் நெல்லைப் போட்டு மூடிவைத்திருக்கிறார். அவருடைய மூட்டை அவர் சொன்ன மூட்டையேயானால், அதைக் கொட்டியதும் மரக்கால் சரியாகத் தலைதட்ட நிற்கும். பார்ப்பவருக்குத் தெரிவது தலைதட்டியது என்பது மட்டுமே; முன்பு இருந்தது எவ்வளவு, கொட்டியது எவ்வளவு என்பது தெரியாது. குமிழ் உணரிகளிலும் வெடிமுனையின் எதிர்மறைப் பதிவை முன்பே ஏற்றிவைத்து விடுகிறார்கள். உண்மையான பொருள் வந்தால் எல்லா உணரிகளும் ஒரே எண்ணிக்கையைக் காட்டும். போலி வந்தால், ரகசியமாக ஏற்றிய அளவோடு அது பொருந்தாமல் மேடுபள்ளம் தெரியும். எந்த முன்பதிவு உணரி எந்தப் பொருளுக்கு என்பதைச் சோதிக்கும் தரப்பே தேர்ந்தெடுப்பதால், ஏமாற்ற நினைப்பவர் பிடிபடுவார். 2016-இல் இந்த முறையை ஆய்வகத்தில், உலோகக் கனசதுரங்களை வைத்து, செய்தும் காட்டிவிட்டார்கள்.

இந்தியாவில் இத்தகைய கருவியைக் கோரும் உடன்படிக்கை எதுவும் இல்லை. 1988-இன் கடைசி நாளில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியன்று அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. பட்டியல் சரிதானா என்று நேரில் பார்க்க அதில் வழியில்லை. போர்களுக்கும் பதற்றங்களுக்கும் நடுவே ஓர் ஆண்டும் தவறாமல் நடந்துவரும் அந்தப் பரிமாற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பட்டியலைத் தாண்டிப் போகும் நாள் வந்தால், அதற்குத் தேவையான இயற்பியல் இங்கே அந்நியமாக இருக்கக்கூடாது. மதுரையில் நியூட்ரினோ ஆய்வுக்கான முன்னோட்டமாக 85 டன் இரும்புத் தகடுகளுக்கு நடுவே உணரிகளை அடுக்கி மியூவான்களை அளந்த அனுபவம் நம் இளைஞர்களுக்கு இருக்கிறது. பொட்டிப்புரத்து மலைக்குள் அந்த ஆய்வகத்தை அமைக்க முற்பட்டபோது, உள்ளே வைக்கப் போவது என்ன என்று ஊர் மக்கள் கேட்ட கேள்வியும் எனக்கு மறக்கவில்லை. மூடிய இடத்துக்குள் இருக்கும் கருவியைப் பற்றிச் சொல்லும் சொல்லை வெளியே நிற்பவர் எதைக் கொண்டு நம்புவது என்பது ஜெனீவாவில் மட்டும் எழும் கேள்வி அல்ல.

உரையாணி முறையில் இன்னும் தீராதது ஒன்று உண்டு. ஆணியே போலியாக இருந்தால், அதோடு ஒத்துப்போகும் ஒவ்வொன்றும் போலிதான். எத்தனை நுட்பமான மரக்காலும் இதைக் காட்டிக்கொடுக்காது. முதல் வெடிமுனை உண்மையானது என்று நம்ப ஒரே வழி, அதைக் கிடங்கிலிருந்து எடுத்துத் தரச் சொல்லாமல், தயார் நிலையில் நிற்கும் ஏவுகணைகளில் ஒன்றைச் சோதனை அதிகாரி அப்போதைக்கப்போது சுட்டிக்காட்டி, அங்கேயே இறக்கச் சொல்லி, முத்திரையிட்டுக் கண்ணை விட்டு அகலாமல் கொண்டுவருவது. ஓர் அரசு போலியைப் பொருத்திய ஏவுகணையை நம்பித் தன் பாதுகாப்பை ஒப்படைக்காது என்பதே அதற்கு ஆதாரம். இதற்கு அதிகாரி ஏவுகணைத் தளத்துக்குள் கால் வைத்தாக வேண்டும். புதிய ஸ்டார்ட் உடன்படிக்கையின் கீழ் அந்த வருகைகள் 2020 மார்ச்சில் பெருந்தொற்றை முன்னிட்டு நிறுத்தப்பட்டன. 2023 பிப்ரவரியில் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. 2026 பிப்ரவரி 5 வரை நீட்டித்திருந்த காலம் முடியும்வரை, ஒரு சோதனை அதிகாரிகூட உணரியோடு மறு தரப்பின் தளத்துக்குள் மீண்டும் போகவில்லை.